முடிச்சிருப்பேன், போயிருப்பா: ஃப்ரெஞ்சுல ஃப்யூத்யூர் ஆன்தேரியர் பழகுறது எப்படி

ஃப்ரெஞ்சு படிக்கிறவங்க பி1 லெவலுக்கு, அதாவது நடுத்தர நிலைக்கு வரும்போது புக்ல ஒரு நாள் ஃப்யூத்யூர் ஆன்தேரியர்னு ஒரு தலைப்பு வரும், அதுக்குள்ள ஏற்கனவே பஸே கோம்போஸே (செஞ்சேன்), ஏம்பார்ஃபே (செஞ்சிட்டிருந்தேன்), ஃப்யூத்யூர் சேம்ப்ல் (செய்வேன்), கோந்திஸியோனெல்னு (இப்படி இருந்தா செய்வேன்) மண்டை ரொம்பி வழிஞ்சிட்டிருக்கும், இதுல இன்னொன்னானு பாதி பேரு அந்தப் பக்கத்தை அப்படியே தள்ளிட்டுப் போயிடுவாங்க. தள்ள வேணாம். தமிழ் பேசுறவங்களுக்கு இந்த டென்ஸ் இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்களை விட ஈசி, ஏன்னா நாம தினமும் இதையே தான் பேசிட்டிருக்கோம். "பத்து மணிக்குள்ள முடிச்சிருப்பேன்", "இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பா", "மறந்திருப்பான் விடு" இதெல்லாம் என்னனு நினைக்கிறீங்க? முடிச்சு, போய், மறந்துன்னு நடந்து முடிஞ்ச வேலை ஒரு துண்டு, இருப்பேன் இருப்பா இருப்பான்னு எதிர்காலத்துல ஒரு துண்டு. ஃப்ரெஞ்சுக்காரனும் அதே ரெண்டு துண்டைத் தான் ஒட்டுறான், என்ன, அவன் இருப்பேனை முன்னாடி வெச்சு முடிச்சுவை பின்னாடி வெக்கிறான்.

ஆனா ரெண்டு இடத்துல தமிழ் நம்மள கவுத்து விடும், அதை அந்தந்த இடம் வரும்போது சொல்றேன்.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு விஷயம். ஃப்ரெஞ்சு வாக்கியங்களை இங்க தமிழ் எழுத்துல தான் எழுதியிருக்கேன், காதுல எப்படி விழும்னு காட்டுறதுக்காக மட்டும். தமிழ்ல த-வுக்கும் அதோட அழுத்தமான சத்தத்துக்கும் ஒரே எழுத்து, ப-வும் அப்படித் தான், மூக்குல வர்ற சத்தத்துக்கு ன் போட்டு சமாளிச்சிருக்கேன். அதனால நோட்டுல எழுதும்போது ஃப்ரெஞ்சு எழுத்துலயே எழுதுங்க, சத்தத்தை ஏதாவது ஒரு ஆடியோவுல ஒரு தடவை கேட்டு சரி பாத்துக்குங்க.

முதல் வேலை: ரெண்டு வினைச்சொல் வாயில நிக்கணும்

அவ்வார், எத்ர். அவ்வார்னா வெச்சிருக்கிறது, இங்கிலீஷ் ஹேவ் மாதிரி, எத்ர்னா இருக்கிறது; இந்த ரெண்டோட எதிர்கால வடிவம் தூக்கத்துல கேட்டாலும் வரணும். அவ்வாருக்கு ஜோரே, த்யூ ஓரா, ஈல் ஓரா, நூ ஸோரோன், வூ ஸோரே, ஈல் ஸோரோன். எத்ருக்கு ஜெ ஸெரே, த்யூ ஸெரா, ஈல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, ஈல் ஸெரோன். அவ்ளோ தான், மொத்த டென்ஸுக்கும் மனப்பாடம் பண்ண வேண்டியது இந்தப் பன்னெண்டு மட்டும். மீதி எல்லாம் உங்களுக்கு பஸே கோம்போஸே படிச்சப்பவே தெரிஞ்சு போச்சு.

இதுல காதுக்கு ஒரு சின்ன சிக்கல் இருக்கு. நூ ஸோரோன்ல வர்ற ஸ இருக்கே அது நூ-வோட கடைசி எழுத்து அடுத்த சொல்லோட ஒட்டிக்கிட்டு வர்றது, அதை இங்கிலீஷ் ஸெட் மாதிரி ரீங்காரமா சொல்லணும். நூ ஸெரோன்ல வர்ற ஸ சாதா ஸ, நம்ம "ரஸம்"ல வர்றது. இந்த ரெண்டையும் மாத்தி சொன்னா கேக்குறவனுக்கு அவ்வாரா எத்ரானு குழம்பிடும், முக்கியமா ஈல் ஸோரோன், ஈல் ஸெரோன் ரெண்டும். ரெண்டையும் மாத்தி மாத்தி சத்தமா சொல்லிப் பாருங்க, பஸ்ல வேணாம், வீட்டுல.

அப்புறம் நிஜத்துல பேசும்போது ஃப்ரெஞ்சுக்காரங்க புக்ல இருக்குற மாதிரி சொல்ல மாட்டாங்க. ஜெ ஸெரே-ங்கிறது ஷ்ரே-னு சுருங்கிடும், த்யூ ஓரா-ங்கிறது தோரா-னு ஒரே மூச்சுல போயிடும். நீங்க அப்படிப் பேசணும்னு இல்ல, ஆனா காதுல விழுந்தா இது தான்னு தெரியணும்.

ரெண்டாவது: பழைய வாக்கியத்துல ஒரே ஒரு சொல்லை மாத்துறது

புதுசா வாக்கியம் யோசிக்கவே வேணாம். பஸே கோம்போஸே பழகுறப்ப எழுதின நோட்டை எடுங்க. ஜே ஃபினி, நான் முடிச்சேன். அதுல ஜே-வை மட்டும் அழிச்சுட்டு ஜோரே போடுங்க, ஜோரே ஃபினி, நான் முடிச்சிருப்பேன். ஜெ ஸ்வி பார்த்தி, நான் கிளம்பிட்டேன். ஸ்வி-யை எடுத்துட்டு ஸெரே, ஜெ ஸெரே பார்த்தி, நான் கிளம்பியிருப்பேன். எத்ர் எடுக்குற வினைச்சொற்கள் லிஸ்ட் அப்படியே இங்கயும் செல்லும், போறது, வர்றது, கிளம்புறது, பொறக்குறது, சாவுறது, விழுறது, தங்குறதுன்னு அந்தப் பட்டியல். தன்னையே குறிக்கிற வினைச்சொற்களும் அதே மாதிரி எத்ர் தான், ஜெ மெ ஸெரே லெவே, நான் எந்திரிச்சிருப்பேன். எல் ஸெ ஸெரா கூஷே, அவ படுத்திருப்பா.

பொம்பளைங்களைப் பத்திச் சொன்னா எத்ரோட வர்ற பார்த்திஸீப் (ஃபினி, பார்த்தி மாதிரி அந்த முடிஞ்ச துண்டு) கடைசியில ஒரு ஈ எழுத்து, நிறைய பேர்னா எஸ், இதெல்லாம் பழைய ரூல், புதுசா ஒண்ணும் சேரலை. கூஷே-வுல அந்த ஈ காதுல விழாது, எழுதும்போது தான் மாட்டுவீங்க. அவ்வாரோட வரும்போது சாதாரணமா ஒத்துப் போக வேண்டியது இல்ல, ஆனா எதைச் செஞ்சோமோ அது வினைச்சொல்லுக்கு முன்னாடியே வந்துட்டா ஒத்துப் போகணும்: லே லெத்ர் கெ ஜோரே எக்ரீத், நான் எழுதியிருக்கப் போற லெட்டர்கள். லெத்ர் பெண்பால், பன்மை, அதனால எக்ரி-ங்கிறது எக்ரீத் ஆயிடுச்சு, இங்க மட்டும் காதுலயும் வித்தியாசம் கேக்கும். ஆரம்பத்துல இதுக்கு ரொம்ப கவலைப்படாதீங்க, பேசும்போது ஃப்ரெஞ்சுக்காரங்களே பல பேரு இதை விட்டுடுறாங்க. பரிட்சையில எழுதும்போது மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாத்தா போதும்.

ஒரு சின்ன குழி. ஸோர்த்தீர், மோந்தே, தெஸாந்த்ர், பஸே, ரான்த்ரே, ரெத்தூர்னே மாதிரி சிலது ரெண்டு பக்கமும் ஆடும். நான் வெளிய போயிருப்பேன்னா ஜெ ஸெரே ஸோர்த்தி. குப்பைத் தொட்டியை வெளிய வெச்சிருப்பேன்னா ஜோரே ஸோர்த்தி லே பூபெல். ஒரு பொருளை எடுத்து ஏதோ செய்றோம்னா அவ்வார், நாமளே நகர்றோம்னா எத்ர்.

இல்லைன்னு சொல்றதுக்கு நெ-வும் பா-வும் நடுவுல இருக்குற இருப்பேனை மட்டும் கவ்வும்: ஜெ நோரே பா ஃபினி, நான் முடிச்சிருக்க மாட்டேன். ஒண்ணும் பாத்திருக்க மாட்டேன்னா ஜெ நோரே ரியேன் வ்யூ, ஆனா யாரையும் பாத்திருக்க மாட்டேன்னா ஜெ நோரே வ்யூ பெர்ஸோன். ரியேன் நடுவுல நிக்கும், பெர்ஸோன் கடைசிக்குப் போயிடும், இதுக்குக் காரணம் கேட்டா நேரம் தான் போகும், ரெண்டு வாக்கியத்தையும் அப்படியே வாயில போட்டுக்குங்க. தேஜா, பியேன் மாதிரி குட்டிச் சொற்களும் நடுவுல தான், ஜோரே தேஜா மான்ஜே, நான் ஏற்கனவே சாப்ட்டிருப்பேன்.

இந்த மாத்துற வேலையை ஒரு இருபது வாக்கியம் பண்ணினா போதும். அதுக்கு மேல பண்ணாதீங்க, போரடிச்சு மொத்தத்தையும் விட்டுடுவீங்க.

மூணாவது: கெடு வெக்கிறது

அர்த்தத்தோட பழக இது தான் நல்ல வாசல். "இதுக்குள்ள இது முடிஞ்சிருக்கும்"னு சொல்ற வாக்கியங்கள். ஃப்ரெஞ்சுல தீஸி-னு ஒரு சொல் இருக்கு, இப்பலேருந்து அது வரைக்கும்னு அர்த்தம். தீஸி தெமேன், ஜோரே ஃபினி, நாளைக்குள்ள முடிச்சிருப்பேன். தீஸி லா, அதுக்குள்ள. ஆபீஸ் மெயில்ல இது ரொம்ப ஓடும், வேலை எப்ப முடியும்னு கேட்டா ஃப்யூத்யூர் சேம்ப்ல்ல முடிப்பேன்னு சொல்றதை விட இப்படிச் சொன்னா கெடு தெளிவா இருக்கும்.

பயிற்சிக்கு ஒரு பயணத்தை எடுத்துக்குங்க. நான் ட்யூஷன் பசங்களுக்கு எப்பவும் குடுக்குறது பாரிஸ்லேருந்து லியோன். பாரிஸ்ல லியோன் போற டிஜிவி அதிவேக ரயில் கார் தெ லியோன்-ங்கிற ஸ்டேஷன்லேருந்து கிளம்பும், லியோன்ல பார் தியூ ஸ்டேஷன் வரைக்கும் சுமார் ரெண்டு மணி நேரம். காலையில எட்டு மணி வண்டினு வெச்சுக்குங்க. இப்ப ஒவ்வொரு நேரத்தையும் சொல்லி அந்த நேரத்துல என்ன முடிஞ்சிருக்கும்னு சொல்லணும். ஏழரைக்கு, ஜோரே கித்தே லோத்தெல், ஓட்டலை விட்டுக் கிளம்பியிருப்பேன். எட்டே காலுக்கு, லெ த்ரேன் ஸெரா பார்த்தி, வண்டி கிளம்பியிருக்கும். ஒன்பதுக்கு, ஓன் நோரா ஃபே லா ம்வாத்தியே த்யூ ஷெமேன், பாதி தூரம் போயிருப்போம். பத்தரைக்கு, ஜெ ஸெரே தெஸாந்த்யூ ஆ பார் தியூ, பார் தியூல இறங்கியிருப்பேன். ராத்திரி பத்துக்கு, நூ ஸோரோன் தினே தான் ஸன் பூஷோன், ஒரு பூஷோன்ல டின்னர் முடிச்சிருப்போம். பூஷோன்னா லியோன்ல இருக்குற சின்ன சின்ன பாரம்பரிய சாப்பாட்டுக் கடைங்க, பன்னி, மாட்டுக் குடல், ஈரல்னு கனமான ஐட்டமா வரும், சைவக்காரங்க அங்க போனா திண்டாட்டம் தான்.

இந்த ஒரு பயணத்துலயே அவ்வார், எத்ர், நான், நாம, வண்டினு எல்லாம் வந்துடுது பாருங்க. எழுதி முடிச்சதும் அதையே உங்க தோழியோட பயணமா மாத்திச் சொல்லுங்க, எல் ஸெரா தெஸாந்த்யூ, எழுதும்போது அந்த ஈ. அப்புறம் ரெண்டு பேருக்கு. அப்புறம் வண்டி ஒரு மணி நேரம் லேட்டுன்னு வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் இல்லைன்னு சொல்லுங்க, லெ த்ரேன் நெ ஸெரா பா பார்த்தி. ஃப்ரான்ஸ்ல வண்டி லேட்டாகாதுன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு, ஆகும், ஸ்ட்ரைக் அன்னைக்கு வண்டியே இருக்காது.

நாலாவது: கான், தே கெ. இங்க தான் உக்காந்து பழகணும்

இந்த டென்ஸ் நிஜத்துல அதிகமா வர்ற இடம் இது. தமிழ் நம்மள கவுக்குற முதல் இடமும் இது தான்.

தமிழ்ல அம்மா போன்ல என்ன சொல்லுவாங்க? "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு." இதுல சேர்ந்ததும்-ங்கிற சொல்லுல எதிர்காலம் எங்கயாவது இருக்கா? இல்ல. சேர்ந்த-ங்கிறது இறந்த காலம், உம்-னு ஒட்டு, அவ்ளோ தான். இங்கிலீஷ்லயும் அந்த இடத்துல எதிர்காலம் வராது. அதனால நாம ஃப்ரெஞ்சுல சொல்லும்போதும் நிகழ்காலத்தைப் போட்டு ஆப்பெல் ம்வா கான் த்யூ அரீவ்னு சொல்லிடுவோம். புரிஞ்சுக்குவாங்க, பேச்சுல அவங்களும் சில சமயம் அப்படிச் சொல்லுவாங்க, ஆனா சேர்ந்து முடிச்ச அப்புறம்-ங்கிறது அதுல வராது. சரியான வாக்கியம் ஆப்பெல் ம்வா கான் த்யூ ஸெரா அரிவே. நீ சேர்ந்திருக்கப் போற அந்த நேரத்துல கூப்பிடு. சேர்றது இன்னும் நடக்கலை, அதனால எதிர்காலம். கூப்பிடுறதுக்கு முன்னாடி நடந்து முடிஞ்சிருக்கணும், அதனால பார்த்திஸீப். ஃப்ரெஞ்சுக்காரன் ரெண்டையும் சொல்லாம விட மாட்டான்.

அப்ப ரூல் இப்படி வெச்சுக்குங்க. தமிழ்ல ஒரு எதிர்கால விஷயத்தைப் பத்திப் பேசும்போது "-ததும்", "-ட்டு", "-த பிறகு", "-த அப்புறம்" இதுல ஏதாவது வாயில வந்தா, ஃப்ரெஞ்சுல அங்க ஃப்யூத்யூர் ஆன்தேரியர் வரணுமானு உடனே கேட்டுப் பாருங்க. பத்துல எட்டு தடவை ஆமானு வரும்.

முன்னாடி நிக்கிற சொற்கள் இவ்ளோ தான்: கான், லோர்ஸ்க ரெண்டும் எப்போன்னு, தே கெ, ஓஸிதோ கெ ரெண்டும் உடனேன்னு, யூன் ஃப்வா கெ ஒரு தடவை முடிஞ்சதும்னு, அப்ரே கெ அப்புறம்னு. பேச கான், தே கெ ரெண்டே போதும்.

வீட்டுல பசங்களைத் திட்டுற வாக்கியங்களை வெச்சுப் பழகுனா சீக்கிரம் பிடிபடும், உலகத்துல எல்லா வீட்டுலயும் இதே பஞ்சாயத்து தானே. த்யூ ஸோர்திரா கான் த்யூ ஓரா ரான்ஜே தா ஷாம்ப்ர், ரூமை ஒழுங்கு பண்ணிட்டு வெளிய போ. கான் த்யூ ஓரா மான்ஜே, த்யூ ஃபெரா லா வெஸெல், சாப்ட்டு முடிச்சதும் பாத்திரம் கழுவு. பாருங்க, ரெண்டு பாதியிலயும் எதிர்காலம், ஆனா ஒண்ணு முந்தி இன்னொண்ணு பிந்தி. முந்தி நடக்குறதுக்கு ஃப்யூத்யூர் ஆன்தேரியர், பிந்தி நடக்குறதுக்கு ஃப்யூத்யூர் சேம்ப்ல் இல்லைன்னா கட்டளை.

தான் கெ-னு ஒண்ணு இருக்கு, வரைக்கும்னு அர்த்தம், அதோட "இல்லை"யும் சேர்ந்து வந்தா மிரட்டல் ரெடி: தான் கெ த்யூ நோரா பா ஃபினி, த்யூ நெ ஸோர்திரா பா. முடிக்கிற வரைக்கும் வெளிய போகக் கூடாது.

எல்லா கான்-க்கும் இதைப் போட்டுடாதீங்க. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா ரெண்டு பக்கமும் ஃப்யூத்யூர் சேம்ப்ல் தான். மழை பெய்யும்போது வீட்டுலயே இருப்போம்னா, கான் ஈல் ப்லெவ்ரா, ஓன் ரெஸ்தெரா ஆ லா மேஸோன். இங்க மழை நின்ன அப்புறம் வீட்டுல இருக்கப் போறது இல்லையே. தமிழ்ல "-ம்போது" வந்தா சேம்ப்ல், "-ததும்" வந்தா ஆன்தேரியர், நூத்துக்கு நூறு இல்லைன்னாலும் ஆரம்பத்துக்கு இந்தக் கணக்கு ஓடும்.

அப்ரே கெ பத்தி என் அபிப்ராயம், ஆரம்பத்துல அதைத் தொடவே வேணாம். ரெண்டு வேலையையும் ஒரே ஆள் செஞ்சா அப்ரே கூட அவ்வாரோ எத்ரோ அப்படியே போட்டு பார்த்திஸீப் போட்டா முடிஞ்சது, அப்ரே அவ்வார் மான்ஜே, ஜெ ஸோர்திரே, சாப்ட்டுட்டு வெளிய போவேன். எந்த ஆளுக்கும் மாறாது, எந்தக் காலத்துக்கும் மாறாது. அப்ரே கெ-க்கு அப்புறம் இன்டிகாத்தீஃப் (ஃப்யூத்யூர், பஸே கோம்போஸே மாதிரி சாதா வடிவங்கள்) தான் வரணும்னு இலக்கணம் சொல்லுது, ஆனா அங்க ஸப்ஜோன்க்தீஃப் (விருப்பம், சந்தேகம் சொல்ற வேற வடிவம்) போடுற ஃப்ரெஞ்சுக்காரங்க ஏகப்பட்ட பேரு, அவங்க சண்டைக்குள்ள நாம ஏன் போகணும்.

ஸி-க்கு தனியா ஒரு எச்சரிக்கை. "-தா", "-னா"னு வர்ற நிபந்தனைக்கு ஃப்ரெஞ்சுல ஸி போடுவோம்ல, அந்த ஸி-க்குப் பின்னாடி எதிர்காலமே வராது, சேம்ப்லும் வராது ஆன்தேரியரும் வராது. மதியத்துக்கு முன்னாடி முடிச்சுட்டேன்னா வர்றேன்-ங்கிறதுக்கு ஸி ஜே ஃபினி அவான் மிதி, ஜெ வியேந்த்ரே. ஜே ஃபினி, சாதா பஸே கோம்போஸே. கான் போட்டா கான் ஜோரே ஃபினி, ஸி போட்டா ஸி ஜே ஃபினி. இந்த ஜோடியை ஒரு பேப்பர்ல எழுதி கண்ணு படுற இடத்துல ஒட்டுங்க, டெல்ஃப், டிஇஎஃப் மாதிரி ஃப்ரெஞ்சு திறன் பரிட்சை எழுதுறவங்க இந்த இடத்துல கவனமா இருக்கணும்.

பயிற்சி என்னன்னா, நாளைக்கு என்னென்ன பண்ணப் போறீங்கன்னு ஒரு சங்கிலி கட்டுங்க. எந்திரிச்சதும் காபி, காபி குடிச்சதும் குளியல், குளிச்சதும் ஆபீஸ். கான் ஜெ மெ ஸெரே லெவே, ஜெ ப்ரான்த்ரே அன் காஃபே. கான் ஜோரே ப்ரி மோன் காஃபே, அப்படியே மேல போங்க. முன் வாக்கியத்துல சேம்ப்லா இருந்தது அடுத்த வாக்கியத்துல ஆன்தேரியரா மாறும், அந்த மாத்தம் தான் பயிற்சியே. எழுத வேணாம், சத்தமா சொல்லுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணி மறுநாள் கேளுங்க. மறுநாள் கேட்டா தப்பு தானா காதுல குத்தும்.

அஞ்சாவது: ஊகம். நமக்கு இது அல்வா

ஃப்ரெண்டு எட்டு மணிக்கு வர்றேன்னான், எட்டரை ஆச்சு, ஆளைக் காணோம். "மறந்திருப்பான்"னு சொல்லுவோம்ல, அது எதிர்காலமா? மறந்தது ஏற்கனவே நடந்து போன விஷயம், நமக்கு உறுதியா தெரியாது, அதனால இருப்பான் போட்டுச் சொல்றோம். ஃப்ரெஞ்சுலயும் சாட்சாத் அதே: ஈல் ஓரா ஊப்லியே. எல் ஓரா ராத்தே ஸோன் த்ரேன், வண்டியை விட்டிருப்பா. ஜோரே லேஸ்ஸே மே க்லே ஓ ப்யூரோ, சாவியை ஆபீஸ்லயே விட்டிருப்பேன். இங்கிலீஷ் வழியா படிக்கிற பசங்க எதிர்காலத்தைப் போட்டு நடந்து போனதை எப்படிச் சொல்றதுன்னு இந்த இடத்துல முழிப்பாங்க, நமக்கு விளக்கமே தேவையில்லை.

ஆனா ஃப்ரெஞ்சுக்காரங்க பேச்சுல இதை நம்ம அளவுக்கு அடிக்கடி சொல்றது இல்ல. சாதாரணமா தெவ்வார் வினைச்சொல்லைப் போட்டு ஈல் ஆ த்யூ ஊப்லியேனு தான் அதிகம் வரும், மறந்திருக்கணும்-ங்கிற மாதிரி. அதனால நீங்க பேசும்போது தெவ்வாரை எடுத்துக்குங்க, படிக்கும்போதும் கேக்கும்போதும் ஈல் ஓரா வந்தா ஊகமா கெடுவானு இடம் பாத்துப் புரிஞ்சுக்குங்க. வாக்கியத்துல நாளைக்கு, பத்து மணிக்குள்ளனு நேரம் இருந்தா கெடு. நடந்து போனதுக்குக் காரணம் தேடிட்டிருந்தா ஊகம்.

இப்ப தமிழ் கவுக்குற ரெண்டாவது இடம்

"நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்." இதுலயும் வந்திருப்பேன் இருக்கு. நாளைக்கு இந்நேரம் வந்திருப்பேன்-லயும் அதே வந்திருப்பேன். தமிழ் ரெண்டுக்கும் ஒரே வடிவத்தை வெச்சுக்கிட்டு சுத்தி இருக்குற சொல்லை நம்பி ஓட்டுது. ஃப்ரெஞ்சுல ரெண்டும் வேற. முதல்ல சொன்னது நடக்காம போனது, அதுக்கு கோந்திஸியோனெல் பஸே: ஸி த்யூ மெ லாவே தி, ஜெ ஸெரே வென்யூ. ரெண்டாவது ஃப்யூத்யூர் ஆன்தேரியர்: ஜெ ஸெரே வென்யூ.

ரெண்டும் ஒரே மாதிரி தானே இருக்குனு கேக்குறீங்களா, அது தான் கொடுமை. எழுதும்போது கோந்திஸியோனெலுக்கு கடைசியில ஒரு எஸ் வரும், ஃப்யூத்யூருக்கு வராது. சத்தத்துல ஒரு நூல் வித்தியாசம் இருக்குனு புக்ல சொல்லுவாங்க, வாயை இன்னும் கொஞ்சம் தொறந்து சொல்றது கோந்திஸியோனெல், ஆனா நிறைய பேரு ரெண்டையும் ஒரே மாதிரி தான் சொல்றாங்க. அவங்க நாட்டுப் பிள்ளைகளே டிக்டேஷன்ல இந்த எஸ்-ல தான் தடுமாறும். அவங்களுக்குச் சொல்லிக் குடுக்குற வழியையே நீங்களும் எடுத்துக்குங்க: நானை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுப் பாக்குறது. நாம போட்டா, நூ ஸெரோன் வென்யூ-வா நூ ஸெரியோன் வென்யூ-வா? ஸெரோன் பொருந்துச்சுன்னா ஃப்யூத்யூர், எஸ் வேணாம். ஸெரியோன் பொருந்துச்சுன்னா கோந்திஸியோனெல், எஸ் போடு. அவ்வாருக்கும் அப்படியே, ஓரோன், ஓரியோன்.

பயிற்சிக்கு, தமிழ்ல இருப்பேன் இருப்பான் வர்ற பத்து வாக்கியம் எழுதுங்க, பஞ்சாயத்து, வருத்தம், வாக்குறுதி எல்லாம் கலந்து. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி மூணுல எதுன்னு ஒரு சொல் எழுதுங்க: கெடு, ஊகம், நடக்காதது. முதல் ரெண்டும் ஃப்யூத்யூர் ஆன்தேரியர், மூணாவது கோந்திஸியோனெல். அதுக்கு அப்புறம் தான் ஃப்ரெஞ்சுக்குப் போகணும். "அவன் மட்டும் ஒழுங்கா படிச்சிருந்தா இந்நேரம் டாக்டர் ஆகியிருப்பான்"ல இந்நேரம்னு வந்துட்டதால ஊகம்னு நினைச்சிடாதீங்க, படிச்சிருந்தா இருக்கு, நடக்காதது.

பேப்பர்ல வர்ற இன்னொரு ஓரா

இதை நீங்க எழுதணும்னு இல்ல, கண்ணுல பட்டா புரிஞ்சா போதும். ஃப்ரெஞ்சு பத்திரிகைக்காரங்க ஒரு விஷயம் முடிஞ்ச அப்புறம் கணக்குத் தீக்குற மாதிரி இந்த டென்ஸைப் போடுவாங்க. பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15-ம் தேதி தீப்பிடிச்சு கூரையும் கோபுர ஊசியும் விழுந்துச்சு, திரும்பத் தொறந்தது 2024 டிசம்பர்ல. அதைப் பத்தி எழுதும்போது ஈல் ஓரா ஃபல்யூ ப்ல்யூ தெ ஸேங்க் ஆன்னு வந்தா, அஞ்சு வருஷத்துக்கு மேல தேவைப்பட்டிருக்குனு அர்த்தம், ஊகம் இல்ல, கெடுவும் இல்ல, எல்லாம் முடிஞ்சு திரும்பிப் பாத்து ஒரு பெருமூச்சு. விளையாட்டு வீரர் ரிட்டயர் ஆனாலும், பெரிய ஆள் யாராவது செத்தாலும் இதே தொனி வரும்.

அதே மாதிரி ரெடிமேடா ரெண்டு சொற்றொடர், இதுங்களை மட்டும் நீங்களும் தாராளமா விடலாம். வூ லோரே கோம்ப்ரி, உங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். கட்டுரை எழுதும்போது நடுவுல ஒண்ணு போட்டா எக்ஸாமினர் புருவத்தைத் தூக்குவார். இன்னொண்ணு ஓன் நோரா தூ வ்யூ, நம்ம "இன்னும் என்னென்ன பாக்கணுமோ"வுக்குப் பக்கத்துல வர்றது. ரோட்ல எவனாவது ஹெல்மெட்டை கையில மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டினா சொல்லலாம்.

தினமும் எவ்ளோ, எப்படி

பத்து நிமிஷம் போதும், ஆனா வாய் விட்டு. ஒரு நாள் பன்னெண்டு வடிவமும் மாத்துற வேலையும், அடுத்த ரெண்டு நாள் பாரிஸ் லியோன் மாதிரி நேரம் வெச்ச பயணம், அதுக்கு அப்புறம் கான் சங்கிலியை மட்டும் ஒரு வாரத்துக்கு விடாதீங்க, பலன் அதுல தான் அதிகம். ஊகம் சும்மா போற போக்குல, யாராவது லேட்டா வந்தா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா போதும்.

கேக்குறதுக்கு ஆர்எஃப்ஐ-ங்கிற ஃப்ரெஞ்சு ரேடியோவுல எளிய ஃப்ரெஞ்சுல தினமும் ஒரு பத்து நிமிஷ செய்தி வருது, எழுத்து வடிவமும் அவங்க சைட்லயே இருக்கும். முதல்ல கேளுங்க, அப்புறம் எழுத்தைத் தொறந்து ஓரா, ஓரோன், ஸெரா, ஸெரோன்னு வர்ற இடத்தையெல்லாம் தேடுங்க. எல்லாமே ஃப்யூத்யூர் ஆன்தேரியரா இருக்காது, பாதிக்கு மேல சாதா எதிர்காலமா இருக்கும், ஈல் ஸெரா மாலாத்னா சும்மா உடம்பு சரியில்லாம இருப்பான். பின்னாடி பார்த்திஸீப் இருக்கானு பாத்துப் பிரிக்கிறதே ஒரு பயிற்சி. அதுலயும் ஒரு பொறி இருக்கு, லா லெத்ர் ஸெரா எக்ரீத்-ல பார்த்திஸீப் இருக்கு, ஆனா அது லெட்டர் எழுதப்படும்-ங்கிற செயப்பாட்டு வினை. எக்ரீர் அவ்வார் எடுக்குற வினைச்சொல், அதுக்கு முன்னாடி எத்ர் நின்னா செயப்பாட்டு. அரிவே, பார்த்தி மாதிரி எத்ர் எடுக்குற கூட்டமா இருந்தா தான் ஃப்யூத்யூர் ஆன்தேரியர்.

எழுதினதைத் திருத்த ஆள் இல்லைன்னா நாலு கேள்வியை நீங்களே கேட்டுக்கலாம், இந்த வரிசையிலயே. முன்னாடி ஸி இருக்கா? இருந்தா அந்தப் பக்கத்துல எதிர்காலத்தை அழி. அவ்வாரா எத்ரா? எத்ர்னா ஆள் யாருன்னு பாத்து ஈ, எஸ் போட்டாச்சா? கடைசியா நானை நாமன்னு மாத்திப் பாத்து எஸ் வேணுமா வேணாமா. இந்த நாலையும் பாத்துட்டு நோட்டை மூடிட்டு போங்க, மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்.